ஐந்து அடுக்குக் கவுதி

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் பழசாகி நிம்மதியாகக் கிடக்க முடியாது. பிரஷர் குக்கர் மூடியில் காற்று கசிய ஆரம்பித்தால் அடுத்த வாரமே அது ஹாலில் சுவர்க் கடிகாரமாகத் தொங்கும். அந்தக் கடிகாரத்தை முதலில் பார்த்தபோது என் மனைவி, "ஏங்க, மூணு விசில் வந்தா மணி மூணுன்னு எடுத்துக்கணுமா?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவள். கேலி செய்யும்போது முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது.

பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சந்தாபுரா ஃபிளாட்டில் வந்து உட்கார்ந்த முதல் மாதத்தில் வீட்டிலிருந்த எல்லாக் குழாய்களையும் சரிசெய்து முடித்துவிட்டேன். சரியாக இருந்த குழாய்களையும்தான். இரண்டாம் மாதம் மனைவியின் தையல் மெஷினுக்கு எண்ணெய் போடப்போய், அப்படியே அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். கோலார் தங்கவயல் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் வேறு. தகர டப்பாவைத் தூக்கிப் போடுவதற்குக்கூட வீட்டில் ஒரு கூட்டம் போட்டு முடிவெடுத்த குடும்பம் எங்களுடையது.

என் வேலையில் ஒரு குணம் உண்டு. மெஷின் அதிர்வில் கழன்றுவிடக் கூடாது என்று ஒரு நட்டு போதுமான இடத்தில் இரண்டு போட்டுப் பழகிய கை இது. தைக்க ஆரம்பித்த பிறகும் அது மாறவில்லை. நான் தைத்த காய்கறிப் பை ஒன்றில் மனைவி இரண்டு தேங்காயும் ஒரு பூசணியும் வாங்கி வந்தாள். பை அப்படியே இருந்தது, அவள் தோள்தான் இரண்டு நாள் வலித்தது.

தவறுகளும் நடந்தன, மறைக்க மாட்டேன். மாப்பிள்ளை ஒருமுறை புனேவிலிருந்து வந்திருந்தபோது பால்கனியில் ஒரு ஜீன்ஸ் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு முட்டியும் கிழிந்து நூல் தொங்கியது. பாவம், எத்தனை வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறாரோ என்று நினைத்து, அவர் தூங்கி எழுவதற்குள் அதைத் தோள்பையாக மாற்றிவிட்டேன். கடையிலேயே கிழித்து விற்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. மனிதர் தங்கமானவர். பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சூப்பரா இருக்கு மாமா" என்றார். ஊருக்குத் திரும்பும்போது அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போனார்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு, அதையும் சொன்னால்தான் மற்றது விளங்கும். எங்களுக்கு ஒரே மகள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் முதல் முறை உண்டானபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய தேக்கு பீரோ ஒன்றைப் பிரித்துத் தொட்டில் செய்தேன். வழவழவென்று தேய்த்து, ஆடும்போது சத்தம் வராதபடி பித்தளைப் புஷ் போட்டு, ஹாலின் நடுவில் நிறுத்தினேன். ஐந்தாம் மாதம் அந்தக் குழந்தை தங்கவில்லை. மகள் ஓய்வுக்கு எங்களிடம் வந்தாள். கதவைத் திறந்ததும் அவள் கண்ணில் முதலில் பட்டது அந்தத் தொட்டில். அதை எடுத்து வைக்க வேண்டும் என்று, முப்பது வருடம் மெஷின்களின் ஒவ்வொரு சத்தத்தையும் கவனித்த எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் அழவில்லை. "இனிமே எனக்காக எதுவும் பண்ணாதப்பா. எதுவுமே பண்ணாத" என்று மட்டும் சொன்னாள். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் தொட்டிலைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய்விட்டேன். பிறகு அந்தக் கட்டைகளில் செருப்பு அலமாரி செய்தேன். வீட்டில் இன்றுவரை ஒருவரும் அதில் செருப்பு வைத்ததில்லை.

மகளுக்கு எதுவும் செய்யக் கூடாது என்றான பிறகுதான் என் பைத்தியம் முற்றியது என்று மனைவி சொல்வாள். அவள் சொல்வது சரிதான். கை சும்மா இருந்தால் நினைப்பு அங்கேதான் போகும், அதனால் கையைச் சும்மா விடவில்லை. வீட்டில் இருந்த ஒவ்வொன்றும் வேறொன்றாக மாறியது. கடைசியில் அலமாரியின் கீழ்த்தட்டு ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

கீழ்த்தட்டில் இருந்தவை பழைய பருத்தித் துணிகள். மனைவியின் நூல் புடவைகள், என் வேட்டிகள். துவைத்துத் துவைத்து நிறம் போய், கையில் எடுத்தால் எடையே தெரியாது. போன மழைக்காலத்தில் மனைவியின் அக்காவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனது. துணைக்கு அவள் இரண்டு வாரம் மர்பி டவுன் போயிருந்தாள். மழையும் விடவில்லை, எனக்கும் போக இடமில்லை. தட்டைத் திறந்தேன்.

எங்கள் கட்டிட வாட்ச்மேன் குடும்பம் வட கர்நாடகத்துக்காரர்கள். அவர் மனைவி பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கையாலேயே வரிவரியாக ஓட்டுத்தையல் போட்டு ஒரு கனத்த போர்வை தைத்துக்கொண்டிருந்தாள். கவுதி என்பார்கள். இரண்டு மதியம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், மூன்றாம் நாள் நானே ஆரம்பித்துவிட்டேன். மேலே ஒரு புடவை, கீழே ஒரு புடவை, நடுவில் மூன்று வேட்டி. ஆக ஐந்து அடுக்கு. அவள் ஒற்றையாக ஓட்டிய இடத்தில் நான் ஒவ்வொரு தையலையும் ஒருமுறை பின்னால் இழுத்து இரட்டையாகப் போட்டேன். இவ்வளவு இறுக்கம் வேண்டாம் அண்ணா என்று கன்னடத்தில் சொல்லிப் பார்த்தாள். ஃபிட்டர் எங்கே கேட்பான்?

மீதித் துணியும் தப்பவில்லை. பின்னிய கால்மிதி ஆறு, மிக்ஸிக்கு உறை, சூடான பாத்திரம் பிடிக்கப் பிடிதுணிகள், எதிர் ஃபிளாட் டீச்சருக்கு இரண்டு ஜன்னல் திரை. மனைவி திரும்பி வந்தபோது சோபாவில் கவுதி விரித்திருந்தது. அதைத் தடவிப் பார்த்தாள், நேராக அலமாரிக்குப் போனாள், கீழ்த்தட்டைத் திறந்தாள். வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

"ஒரு வூடுன்னா கொஞ்சம் கந்தல் இருக்கணுங்க. எல்லாத்தையும் இப்படி உருப்படியாக்கி வச்சுட்டா, ஒரு அவசரத்துக்கு இன்னா பண்றது?"

என்ன அவசரம் வந்துவிடப் போகிறது என்று நான் சிரித்தேன். மூன்றே வாரத்தில் வந்தது.

மகள் போன் செய்தாள். ஐந்து மாதம் முடிந்துவிட்டது என்றாள். முதல் தடவை நடந்தது மனதில் இருந்ததால் அதுவரை எங்களிடம்கூடச் சொல்லவில்லை. தொடர்ந்து பேசினாள், ஒவ்வொரு சொல்லாக, யோசித்து வைத்ததைச் சொல்வது போல.

"யாரும் எதுவும் வாங்கக் கூடாதுப்பா. எதுவும் செய்யவும் கூடாது, யார்கிட்டயும் சொல்லவும் கூடாது. வளைகாப்பும் நாலு பேரோட போதும். எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் வேணும். அம்மாவோட பழைய நூல் புடவை, உன் பழைய வேட்டி, அலமாரில கீழ இருக்குமே, அத மட்டும் துவைச்சு வை. பழைய துணி எல்லார் வீட்லயும் கெடக்கும் இல்ல? அது ரெடி பண்றதுல சேராது."

பிறந்த குழந்தைக்கு எங்களில் முதல் துணி பழசுதான். புதுத் துணி உறுத்தும். நன்றாகத் துவைத்த, வீட்டில் உடுத்திய துணியில்தான் சுற்றுவோம். அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் அவள் கேட்டது அதற்காக மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்தது. ஆசைப்படப் பயந்துபோன பெண், ஆசைப்படுவது வெளியே தெரியாமல் ஆசைப்பட ஒரு இடம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அந்த இடம் எங்கள் அலமாரியின் கீழ்த்தட்டு.

"இருக்கும்மா. நிறைய இருக்கு" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மனைவி கரண்டியோடு நிற்கிறாள். கண்ணெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரோடே கேட்டாள்: "நிறைய இருக்கா? எங்க இருக்கு, கால்மிதிலயா?"

அதன் பிறகு நான் செய்தவற்றைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. முதலில் எனக்கு என்று சொல்லி ஒரு மெல்லிய புது வேட்டி வாங்கினேன். அதை வாஷிங் மெஷினில் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு, காலையில் நாலு முறை, மாலையில் நாலு முறை ஓட்டினேன். ஒரு வாரம் கழித்து வெளியே எடுத்தபோது அது அடிவாங்கிய புது வேட்டியாகத்தான் இருந்தது. மனைவி விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"பத்து வருஷத்த மெஷின்ல போட்டுச் சுத்த முடியாதுங்க" என்றாள்.

மர்பி டவுன் அக்காவிடம் கேட்கலாம் என்றேன். அக்காவுடையது எல்லாம் கசக்கினாலும் கசங்காத புடவை, குழந்தைக்கு ஆகாது. "அதோட அவ நம்ம வூட்டுத் துணியத்தான கேட்டா" என்றாள் மனைவி.

பிறகு எதிர் ஃபிளாட். டீச்சரிடம் விஷயத்தைச் சொல்ல முடியாது, யாருக்கும் சொல்லக் கூடாது என்பது மகளின் கட்டளை. கொடுத்த திரையைத் திருப்பிக் கேட்பது எப்படி? வாசலில் நின்று, கம்பெனியில் அனுப்பிய பொருளில் குறை இருந்தால் திரும்ப வாங்கிக்கொள்வோம், அதுபோல அந்தத் திரைகளில் ஒரு பழுது இருப்பதாகச் சந்தேகம், சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நீளமாகச் சொன்னேன். அவர் கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் புரியும். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். ஸ்டூல் போட்டு ஏறித் திரைகளைக் கழற்றினார். உள்ளே போய்த் தன்னுடைய பழைய மெல்லிய பருத்திப் புடவை ஒன்றையும் மடித்து எடுத்துவந்து மேலே வைத்தார்.

"மகளிகெ எஷ்டு திங்களு?" என்று மெதுவாகக் கேட்டார். மகளுக்கு எத்தனை மாதம் என்று.

நான் கையை விரித்து ஐந்து விரலைக் காட்டிவிட்டு ஓடி வந்துவிட்டேன். வீட்டில் வந்து விரித்துப் பார்த்தால், ஒவ்வொரு திரையிலும் நானே சுத்தியலால் அடித்துப் பதித்த பன்னிரண்டு இரும்பு வளையம். ஏற்கெனவே நைந்த துணி, அடி விழுந்த இடமெல்லாம் இற்றுப்போயிருந்தது. அதில் ஒரு கைக்குட்டைகூடத் தேறவில்லை.

இத்தனைக்கும் நடுவில் சோபாவில் கவுதி விரித்தபடியே கிடந்தது. ஐந்து முழுத் துணிகள் அதற்குள் இருக்கின்றன என்று இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி அவள் பேசவில்லை. மாலையில் அதன்மேல் உட்கார்ந்து டீ குடிப்பாள். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே நல்ல பொருள் அதுதான். வந்தவர்கள் எல்லோரும் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதைப் பிரிக்க வேண்டாம் என்று வேறு வழிகளைத் தேடித்தான் போன் வந்த பிறகு மூன்று வாரம் கோமாளி ஆனேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஒரு காலையில் கவுதியை எடுத்துப் பால்கனியில் பாய் போட்டு விரித்தேன். ஒரு பிளேடும் குத்தூசியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிர் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

முதல் நாள் ஒரு சாண்தான் பிரிந்தது. நூலை இழுத்தால் துணி கிழியும், அதனால் ஒவ்வொரு தையலாக வெட்டி ஒவ்வொரு நூலாக உருவ வேண்டும். நான் இரட்டையாகப் போட்டிருந்ததால் வேலையும் இரட்டை. "கட்டடத்துக்குக் கம்பி கட்டின மாதிரி இல்ல கட்டி வச்சிருக்கீங்க" என்றாள். பத்து நாள் போன பிறகு, கையில் இருந்த தையலைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்து, "நல்லாத்தாங்க போட்டிருக்கீங்க. தைச்சப்போ தெரியல, பிரிக்கறப்போதான் தெரியுது" என்றாள். திருமணமாகி இத்தனை வருடத்தில் என் கைவேலையை அவள் பாராட்டியது அதுதான் முதல் முறை. அதுவும் பிரிக்கும்போது.

எனக்குப் பயமாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒவ்வொரு காலையும் பிளேடை எடுக்கும்போது, முடிப்பதற்குள் புனேவிலிருந்து போன் வந்துவிடுமோ, இந்தத் துணிக்கு வேலையே இல்லாமல் போய்விடுமோ என்று நினைப்பு ஓடும். மனைவிக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். போன் மணி அடித்தால் இருவர் கையும் அப்படியே நிற்கும். அது கேஸ் சிலிண்டர்காரர் என்று தெரிந்ததும் மறுபடி நூலை உருவுவோம்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வேட்டி மூன்று, புடவை இரண்டு, ஐந்தும் முழுசாக வந்தன. கொதிநீரில் அலசி, நல்ல வெயிலில் காயவைத்து, மடித்துக் கீழ்த்தட்டில் அடுக்கினாள். டீச்சர் கொடுத்த புடவையையும் அடியில் வைத்தாள். எதிர் ஃபிளாட்டும் நம் வீடு என்றே இருக்கட்டும் என்றாள்.

எட்டாம் மாதம் மகள் வந்தாள். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டவள், தண்ணீர்கூடக் குடிக்காமல் உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள். குனிய முடியாமல் மெல்ல உட்கார்ந்து, அடுக்கின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். நான் ஹாலில் மின்விசிறி ஸ்விட்சைத் தேவையில்லாமல் போட்டு அணைத்துக்கொண்டிருந்தேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, பசிக்குது என்றாள்.

குழந்தை ஒரு முற்பகலில் பிறந்தது. பெண். நர்ஸ் வெளியே எட்டிப் பார்த்து, "பழைய காட்டன் துணி இருக்கா?" என்று கேட்டபோது மனைவி பையை நீட்டினாள். நர்ஸ் வாங்கிக்கொண்ட பிறகும் பிடியை விடவில்லை. அவளை அப்படி நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் என் வேட்டியில் சுற்றி ஒரு சிவந்த முகம் வெளியே வந்தது. என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. நான் அங்கேயே நின்று அழுதேன். கூச்சமே இல்லாமல், சத்தமாக.

மறுநாள் வார்டில் நாங்கள் மூவரும் குழந்தையும். மாப்பிள்ளை காபி வாங்கக் கீழே போயிருந்தார். மகள் குழந்தையை மடியில் வைத்துத் துணியின் ஓரத்தை விரலால் வருடிக்கொண்டிருந்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது. துணியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஊசி போன இடமெல்லாம் வரிவரியாகச் சின்னச் சின்னத் துளைகள், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை.

"அப்பா, இது என்னவா இருந்துச்சு?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

"கவுதி" என்றேன்.

"எல்லாமேவா?"

"இந்த அஞ்சும்தான். மீதி கால்மிதி."

"மிக்ஸி உறைய சொல்ல மறந்துட்டாரு" என்றாள் மனைவி.

மகள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதப்பா, வலிக்குது" என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் சிரித்தாள். இரண்டு வருடமாக அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. அது அடங்கியதும் துணியை மடியில் போட்டு நீவிவிட்டாள்.

"எத்தன நாளு பிரிச்சீங்க?"

"ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு" என்றாள் மனைவி. "உங்கப்பா போட்ட தையல்மா. சும்மா வருமா?"

மகள் குழந்தையைத் துணியிலிருந்து மெல்ல எடுத்துக் கட்டிலில் நீளமாகப் படுக்க வைத்து, மடங்கியிருந்த காலை நீட்டிப் பிடித்தாள்.

"அளவு எடுத்துக்கோப்பா."

எனக்கு முதலில் புரியவில்லை. "எதுக்கு?" என்றேன்.

"எதுக்குன்னு நீதான் சொல்லணும். என்ன பண்ணப் போறியோ உனக்குத்தான தெரியும்."

பையில் டேப் இல்லை. ஆஸ்பத்திரிக்கு யார் டேப் கொண்டுவருவார்கள்? கையைக் கழுவி, துடைத்து, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, அந்தச் சின்ன உச்சந்தலையிலிருந்து ஆரம்பித்தேன். மேலே படாமல், ஒரு நூல் தள்ளி. குதிகால்வரை போய்ச் சேர எனக்கு வெகுநேரம் ஆனது.

"எழுதி வச்சுக்குங்க, மறந்துடுவீங்க" என்றாள் மனைவி.

மறக்காது. இரண்டு சாண், நாலு விரல்.